டிரைவர் போட்ட முடிச்சு

போன வாரம் பாப்பா வாசல் கேட்டை ஓங்கி அறைந்து சாத்திவிட்டுப் போனதில் கொண்டி கழன்று விழுந்ததே, அது இன்னும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. ரிட்டையர் ஆன லாரி டிரைவர், ஸ்பேனர் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற மனிதர், ஒரு கொண்டியை மாட்ட முடியாதா? முடியும். மாட்டினால், பெண் கோபித்துக்கொண்டு போனது முடிந்த கதையாகிவிடும் என்று அவருக்குள் ஒரு பயம். கேட்டால் "திருகாணி கிடைக்கலை" என்பார். நாமும் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

சண்டை எதற்கு என்று மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. டிரைவரும் அவர் மனைவி டீச்சரும் ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். முன்பக்கம் காய்கறிப் பாத்தி, பின்பக்கம் கோழிக் கூண்டு, உள்ளே அலமாரி நிறையக் கண்ணாடி பாட்டிலில் அடைத்த காய். டீச்சர் என்றால் தையல் டீச்சர். ஒரே பெண். பாங்க் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, தூரத்து நகரத்தில் குடித்தனம் நடத்துகிறாள். ஆனாலும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். மாப்பிள்ளைக்கு அம்மா அப்பா இல்லை. அவன் கப்பலில் வேலை பார்க்கிறான்; எந்தக் கடலில் இருக்கிறான் என்பது அவனுக்கே சில நாள் தெரியாது.

அந்தப் பாப்பா புது வீடு மாறினாள். வாங்க வாங்க என்று கூப்பிட்டாள். இவர்கள் போகவில்லை. "கோழியை யாரும்மா பார்த்துக்கறது?" என்றே வாரங்களை ஓட்டினார்கள். கடைசியில் அவளே வந்தாள், சண்டை போட்டாள், போகிற போக்கில் ஒன்று கேட்டாள் பாருங்கள், "நான் எங்கே குடியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா? இதுவரைக்கும் என் அட்ரஸ் என்னன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

அதற்கு டிரைவர் சொன்ன பதில், "போறவங்க போகட்டும். என் கோழிங்க என்னை விட்டு எங்கேயும் போகாது."

சொல்லியிருக்கக் கூடாதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தீவனச் சட்டியோடு பின்பக்கம் போன டிரைவர், கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். வழக்கமாக அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் சேவல் ஊரைக் கூட்டும். யாரைப் பார்த்தாலும் ஒரு அதட்டல் போடுவதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். இன்று மேனேஜர் தரையில் உட்கார்ந்திருந்தது. கழுத்து முன்னால் நீண்டு மண்ணில் கிடந்தது. நனைந்த துணி மாதிரி துவண்டிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

பக்கத்தில் சண்டைக்காரி என்கிற பெட்டை. அதற்கும் கழுத்து நிற்கவில்லை. மூலையில் இருந்த கோழிகள் எழுந்திருக்கப் பார்த்து, கால் மடங்கி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன.

"டீச்சர்! இங்கே வாயேன்! சீக்கிரம்!"

டீச்சர் அவரை "என்னங்க" என்பாள். அவர் அவளை எங்கேயும் "டீச்சர்" என்பார். பாத்தியில் களை பிடுங்கிய கையோடு ஓடி வந்தவள், மேனேஜரின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். கையை எடுத்ததும் தலை தொப்பென்று விழுந்தது.

"நேத்து சாயந்தரம்கூட என் காலைக் கொத்துச்சுங்க இது!"

"டாக்டருக்குப் போன் போடு."

கோழி டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நடுத்தர வயது அம்மாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கூண்டுக்குள் குனிந்து போகிறவர். ஒவ்வொரு கோழியாகத் தூக்கினார், இறக்கையை இழுத்து விட்டார், கண்ணுக்கு நேரே விரலை ஆட்டினார். தொற்று நோயாக இருந்தால் சுற்றுவட்டாரக் கோழியெல்லாம் போய்விடுமே என்று டிரைவர் வாய்க்குள் முனகிக்கொண்டே பின்னால் நின்றார்.

"தொத்து வியாதி மாதிரி தெரியலை," என்றார் டாக்டர். "இது சாப்பாட்டுல வந்த விஷம். கெட்டுப்போனது ஏதாவது போட்டீங்களா?"

"என் வீட்ல கெட்டது எதுவும் கோழிக்குப் போகாது டாக்டர்," என்றாள் டீச்சர். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாங்க திங்கறதைத்தான் அதுங்களும் திங்குது."

கொல்லைக் கதவோரம் நின்ற அத்தை தொண்டையைக் கனைத்தாள். அத்தை என்பது டிரைவரின் அக்கா. பாப்பாவுக்குத்தான் அத்தை, ஆனால் தெருவுக்கே அவள் அத்தை. சாதாரணமாக ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிறவள், இப்போது சொல்லத் தயங்கினாள்.

"நேத்து மத்தியானம் ஒரு பீன்ஸ் பாட்டில் திறந்தேன். நல்ல பாட்டில்னா திறக்கறப்போ மூடி 'டப்'புனு சொல்லும், இது சொல்லலை. சும்மா கையோட வந்துடுச்சு. நான் நாக்குலகூட வைக்கலைப்பா. வீணாக்குவானேன்னு கோழிக்குக் கொட்டிட்டேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "வீட்ல அடைச்ச பீன்ஸா?"

"ஆமா."

"அந்த பாட்டில் எங்கே?"

இந்த வீட்டில் பாட்டில் அடைப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. தக்காளி புளிப்பு, கொதிக்கிற தண்ணீரில் வைத்து எடுத்தால் போதும். பீன்ஸ் அப்படி இல்லை. அதைப் பெரிய குக்கரில் அடுக்கி, வெயிட் போட்டு, ஆவி சீறச் சீற நெடுநேரம் வைக்க வேண்டும். வெறும் கொதிக்குச் சாகாத கிருமி அதில் இருக்கும் என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். குக்கர் முழு நேரமும் சீறி முடித்த ஈட்டுக்குத்தான் பாட்டில் கழுத்தில் சிவப்பு நூல் கட்டலாம். நூல் இல்லாத பாட்டில் சமையலறையைத் தாண்டக் கூடாது. அத்தை ஒரு முறை நூல் கட்டாத பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போய், டீச்சர் தெருவரைக்கும் துரத்திப் போய்ப் பிடுங்கி வந்தாள். அப்படிப்பட்ட வீடு.

அத்தை குப்பைக் கூடையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து வந்தாள். கழுத்தில் சிவப்பு நூல் இருந்தது.

டீச்சர் அதை வாங்கிப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். டீச்சர் முடிச்சு போட்டால் இறுக்கி, நுனியை ஒட்ட நறுக்கிவிடுவாள். கத்திரிக்கோல் இல்லாமல் அவிழ்க்க முடியாது. இது அப்படி இல்லை. ரெண்டு சுற்று சுற்றி, ஒரு காது விட்டு, இழுத்தால் சரக்கென்று வந்துவிடுகிற லாரி முடிச்சு. தார்ப்பாய் கட்டுகிற முடிச்சு.

"இது உங்க முடிச்சுங்க," என்றாள்.

டிரைவர் தீவனச் சட்டியைக் கீழே வைத்தார்.

"பந்தல் சாஞ்ச அன்னிக்கு. காத்துல அவரைப் பந்தல் சாஞ்சுதே, நான் அதை நிமிர்த்தப் போனேன். கடைசி ஈடு அடுப்புல இருக்கு, பார்த்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனேன். பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன்."

"குக்கர் முழுசா சீறிச்சா?"

டிரைவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். அங்கே அடுப்புக்கு எதிர்மூலையில் ஒரு மரப்பெட்டி. மழைக்காலத்தில் வெளியே அடைவைக்க முடியாது என்று அடைக்கோழியை அதில்தான் உட்கார வைத்திருந்தார்கள். மகாராணி என்று பெயர். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது, தண்ணீரும் தீவனமும் இடம் தேடி வர வேண்டும்.

"மகாராணி பயந்துபோச்சு, டீச்சர்," என்றார். "குக்கர் சீற ஆரம்பிச்சதும் முட்டையை விட்டு எழுந்து ஓடுது. பிடிச்சுப் பிடிச்சு உட்கார வைக்கிறேன், மறுபடியும் எழுந்து ஓடுது. முட்டை ஆறிப்போனா குஞ்சு உள்ளேயே செத்துடுமே. பொரிக்கிற நேரம். அதான் வெயிட்டை எடுத்துட்டு... தீயைச் சின்னதா வெச்சு... சும்மா கொதிக்கவிட்டேன். ரொம்ப நேரம் கொதிக்கவிட்டேன். ரெண்டு மடங்கு நேரம் வெச்சா சரியாப் போயிடும்னு நினைச்சேன்."

"நூல் கட்டினது?"

"நீ களைச்சுப்போய் வந்தே. மறுபடியும் ஏத்துன்னு சொல்ல மனசு வரலை."

டீச்சர் அவரைத் திட்டுவாள் என்று நானும் எதிர்பார்த்தேன், அத்தையும் எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. நேரே அலமாரிக்குப் போனாள். சிவப்பு நூல் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடியை விரலால் அழுத்தினாள். கத்திரித்த முடிச்சு, மூடி அசையவில்லை. கத்திரித்த முடிச்சு, அசையவில்லை. காது வைத்த முடிச்சு, மூடி அமுங்கி மேலே வந்தது. டக், டக். அடுத்த லாரி முடிச்சும் அப்படியே. டாக்டர் அவள் கையைப் பிடித்தார்.

"திறக்காதீங்க டீச்சரம்மா. தொடவும் வேண்டாம். இந்த ஈட்டுல யாருக்காவது குடுத்தீங்களா?"

டீச்சர் அத்தையைப் பார்த்தாள். அத்தை அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா பையில ரெண்டு பாட்டில் திணிச்சேனே," என்றாள். "கோபமாப் போற பொண்ணு, வெறும் கையோட போகக் கூடாதுன்னு... அலமாரியில முன்னாடி இருந்ததை எடுத்தேன். ஐயோ, நான் முடிச்சைப் பார்க்கலையே! நூலைத்தானே பார்த்தேன்!"

"ரெண்டும் ஒரே ஈடா?"

"தெரியலையே! எனக்குத் தெரியலையே!"

டிரைவர் போனை எடுத்தார். பாப்பாவின் நம்பரை அழுத்தினார். ஒரு மணிகூட அடிக்காமல் துண்டித்துக்கொண்டது. டீச்சரின் போனிலும் அதுதான். போன அன்றைக்கே இருவர் நம்பரையும் தடுத்து வைத்துவிட்டாள் மகராசி. அத்தைக்குப் போனே கிடையாது. டாக்டர் தன் போனிலிருந்து அடித்தார். மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார். "பீன்ஸ் பாட்டிலைத் திறக்காதே, சாப்பிடாதே, உடனே கூப்பிடு" என்று எழுதி அனுப்பினார். போய்ச் சேர்ந்தது, படித்த அடையாளம் வரவில்லை.

"டாக்டர்," என்றாள் டீச்சர், "மனுஷங்க சாப்பிட்டா என்ன ஆகும்?"

"நான் கோழி பார்க்கிறவ. நான் சொல்லக் கூடாது."

"சொல்லுங்க."

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "முதல்ல கண்ணு. இமை தொங்கும், பார்க்கிறது ரெண்டு ரெண்டா தெரியும். அப்புறம் நாக்கு குழறும், விழுங்க வராது. அப்புறம் மூச்சு. ஆனா மருந்து இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போயிட்டா காப்பாத்திடலாம். சீக்கிரம் போகணும், அவ்வளவுதான்."

டிரைவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். வண்டியை உதைத்தார், கிளப்பினார், கொண்டி இல்லாத கேட்டைக் காலால் தள்ளித் திறந்தார். அங்கேயே நின்றுவிட்டார். வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. வாழ்நாளெல்லாம் எந்த ஊருக்கும் எந்தச் சரக்கையும் கொண்டு சேர்த்தவர். கும்மிருட்டில், கொட்டுகிற மழையில், பலகையே இல்லாத ரோட்டில் வழி கண்டுபிடித்தவர். இப்போது எந்தத் தெருவுக்குப் போவது என்று தெரியாமல் தன் வீட்டு வாசலில் நிற்கிறார்.

வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"எங்கேன்னு போவேன், டீச்சர்? ஏதாவது சொல்லியிருக்காளா? தெரு, கடை, கோயில், குளம், ஏதாவது?"

டீச்சர் கண்ணை மூடி யோசித்தாள். "ஜன்னலைத் திறந்தா ரயில் தெரியும்னா. துணி காயப் போட்டா ரயில்ல போறவங்க எல்லாம் பார்க்கிறாங்கன்னு சிரிச்சா."

"அந்த ஊர்ல ரயில் தெரியற ஜன்னல் ஆயிரம் இருக்கும்."

"அப்புறம் நான் கோழிக்குத் தண்ணி வைக்கப் போயிட்டேங்க. அவ சொல்லிட்டே இருந்தா. நான்தான் போனை வெச்சுட்டுப் போயிட்டேன்."

பாங்குக்கு அடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை, எடுப்பார் இல்லை. மாப்பிள்ளைக்குச் செய்தி அனுப்பினார்கள். அது கப்பலைத் தேடிக் கிளம்பியதாகக்கூடத் தெரியவில்லை. போலீஸுக்கு டிரைவர் பேசினார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். பெயர் சொன்னார், வயது சொன்னார், வேலை சொன்னார். "வீட்டு அட்ரஸ் சொல்லுங்க சார், உடனே ஆளை அனுப்பறோம்" என்றார் அவர்.

"தெரியாது."

"உங்க பொண்ணுன்னுதானே சொன்னீங்க?"

"என் பொண்ணுதான்."

போலீஸ்காரர் பாப்பாவின் போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, போன் நம்பரை வைத்து விசாரிப்பதாகவும் நேரம் ஆகும் என்றும் சொன்னார். டிரைவர் "சரிங்க, சரிங்க" என்று சொல்லி வைத்தார். அவர் யாருக்கும் அப்படிச் சரிங்க சொல்லி நான் பார்த்ததில்லை.

மத்தியானம் ஆயிற்று. அடுப்பு பற்றவைக்கவில்லை. மேனேஜர் போய்விட்டது. டாக்டர் ஒரு சாக்கை எடுத்து மூடினார். மற்ற கோழிகளுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தார், பிழைத்தால் பிழைக்கும். அவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவருடைய போன் ஒன்றுதான் பாப்பா தடுக்காத போன். அதை சமையலறை மேஜையின் நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கால் மணிக்கு ஒரு தரம் டாக்டர் அடித்துப் பார்ப்பார்; ஓய்ந்ததும் வைப்பார்.

மூலைப் பெட்டியிலிருந்து மகாராணி இறங்கியது. பின்னாலேயே குஞ்சுகள், மஞ்சளும் கறுப்புமாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. ஒரு முட்டைகூடக் கூமுட்டையாகவில்லை, அவ்வளவும் பொரித்திருந்தது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் டிரைவர் பெருமை அடித்துக்கொண்ட குஞ்சுகள். இன்று அவை அவர் பாதத்தின்மேல் ஏறி விளையாடின. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"தம்பி, அதுங்க என்னடா பண்ணும்," என்றாள் அத்தை.

"நீ சும்மா இரு, அக்கா."

"நான்தானேடா பாட்டிலைத் திணிச்சேன். என்னைத் திட்டேன்டா. நல்லா திட்டு."

"திட்டினா பாப்பா போனை எடுப்பாளா?"

டீச்சர் எழுந்து போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். நேற்று பெய்த மழைக்குப் பாத்தி சொதசொதவென்று இருந்தது. அதற்கு மேலும் ஊற்றினாள். பீன்ஸ் கொடி கம்பியைச் சுற்றி ஏறிப் பூவும் பிஞ்சுமாக நின்றது. பாப்பாவுக்கு இந்த பீன்ஸ் என்றால் உயிர். சின்ன வயதில் பச்சையாகவே பறித்துத் தின்பாள். ஊற்றிய வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்து டீச்சர் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் உள்ளே மணி அடித்தது.

டீச்சர் ஓடி வருவதற்குள் டாக்டர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஹலோ, யாருங்க நீங்க? இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க. நான் இப்பதான் எழுந்தேன்..."

"பாப்பா!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"அம்மாவா? இது யார் போன்? சரி, சரி, ஏன் கத்தறீங்க? நானே சாயந்தரம் கூப்பிடலாம்னுதான் இருந்தேன். எனக்குக் கோபம் போயிடுச்சு." குரல் தூக்கக் கலக்கத்தில் தடித்து வந்தது. "அத்தை குடுத்த பீன்ஸை நேத்து சாயந்தரம் அப்படியே பாட்டிலோட வெச்சு சாப்பிட்டேனா, கோபம் எல்லாம் போயிடுச்சு."

டிரைவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, எந்த பாட்டில்?" என்றாள் டீச்சர். "ரெண்டு குடுத்தாங்களே, எதைத் திறந்தே? நூல் எப்படிக் கட்டியிருந்துச்சு?"

"இது என்னம்மா கேள்வி? ஒண்ணு உன் முடிச்சு. கத்திரிக்கோல் எல்லாம் இன்னும் மூட்டையில கட்டினபடியே கிடக்கு, அதை எங்கே தேடறது? இன்னொண்ணு அப்பா முடிச்சு. இழுத்தேன், வந்துடுச்சு. அதைத்தான் திறந்தேன்." சிரித்தாள். "அப்பா எனக்காகத்தான் சுலபமாக் கட்டியிருக்கார்னு நினைச்சேன். அதுலதான் பாதி கோபம் போச்சு. அப்பா இருக்காரா அங்கே?"

அப்பா இருந்தார்.

டாக்டர் டீச்சரின் தோளை அழுத்தி, முதலில் எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கேள் என்று கண்ணால் சொன்னார். டீச்சர் பென்சிலை எடுத்தாள். சுவரில், கோழிக்குத் தீவனம் வைக்கும் நேரம் எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பென்சிலை ஊன்றினாள்.

"பாப்பா, விஷயத்தை அப்புறம் சொல்றேன். முதல்ல உன் வீட்டு அட்ரஸைச் சொல்லு."

தூரத்தில் ஒரு ரயில் போகிற சத்தம் மட்டும் போனில் வந்தது.

"இப்பவாவது கேட்டியேம்மா," என்றாள் பாப்பா. "வரப் போறீங்களா? நிஜமாவா? ரெண்டு பேருமா?"

"வர்றோம் கண்ணு. இப்பவே வர்றோம். சொல்லு."

"இரு, எனக்கே இன்னும் மனப்பாடம் ஆகலை. கரண்ட் பில்லுல இருக்கு, பார்த்துச் சொல்றேன்." காகிதம் சரசரத்தது. நாற்காலி ஒன்று இடிபட்டது. "கதவு நம்பர்... ஒண்ணா, பதினொண்ணா... இரும்மா. வெளிச்சத்துக்கு வர்றேன். இல்லை, இங்கேயும் அப்படித்தான் இருக்கு. எழுந்ததுலேர்ந்து எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுதும்மா."

டீச்சரின் பென்சில் சுவரிலேயே நின்றது.